ஏணிக்கு வாடகை யார் தருவா?

ஏலே பேராண்டி, அந்த அட்டையைக் கீழ வச்சிட்டு இப்படி வந்து உக்காரு. காலையில இருந்து பாக்கேன், வாறவன் போறவன் கையில எல்லாம் பேனாவைத் திணிச்சுக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திரியுத. நானும் போட்டுக் கொடுத்தேன், தமிழ்ல. கொஞ்சம் நீளமாயிட்டு. ‘சூப்பர் தாத்தா’ன்னு தோள்ல தட்டிட்டு ஓடிட்ட. உங்க காலேஜு பந்தாட்ட டீமை மேல் பிரிவுக்கு ஏத்தணும், அதானே? நல்ல விசயம். மேல ஏறணும்னு நினைக்கிறவன் காலைப் பிடிச்சு இழுக்கிற ஆளு நான் இல்ல. ஏணியை மட்டும் ஒருக்கா ஆட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்.

உங்க காலேஜு பேரை நான் வெளிய எடுக்கல. பேரு சொன்னா உன் கூட்டாளிக நாலு பேரு மொட்டை மாடிக்கே சண்டைக்கு வந்துருவானுக. இந்த ஊர்ல மொட்டை மாடி இல்லங்கிறது வேற விசயம்.

ஆறு மாச விசாவுல அமெரிக்கா வந்து உங்கப்பன் வீட்ல உக்காந்திருக்கிற எனக்கு டிவியைத் தவிர என்ன வேலை? இந்த ஆட்டம் எனக்கு இப்ப நல்லாவே புரியுது. கால்பந்துன்னு பேரு வச்சிருக்காங்க, பந்துல கால் படுறது அமாவாசைக்கு ஒருக்கா. மட்டை உரிக்காத தேங்காயைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன் ஓடுதான், தோப்புக்காரன் மாதிரி பதினோரு பேரு விரட்டுதான். மாட்டுனா மேல விழுந்து அமுக்குதான். பொறவு எல்லாரும் எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு மறுபடியும் அதே இடத்துல குனிஞ்சு நிக்கான். ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆட்டத்துக்குப் பின்னால இருக்கிற கணக்குத்தான் எனக்கு இன்னும் ருசி.

முன்ன காலேஜு டீமுகளுக்கு முதல் பிரிவுன்னு ஒண்ணுதான் இருந்துச்சு. 1978-ல அதை ஒன்-ஏ, ஒன்-டபுள்ஏன்னு ரெண்டாக் கிழிச்சாங்க. 2006-ல பேரை மாத்தி மேல உள்ளதை எஃப்.பி.எஸ்., கீழ உள்ளதை எஃப்.சி.எஸ்.னு ஆக்குனாங்க. நடுவுல இருக்கிற எழுத்துக்கு என்ன அர்த்தம்னு உங்கப்பன்கிட்ட கேட்டேன். கீழ உள்ளவன் பேர்ல ‘சாம்பியன்ஷிப்’ இருக்காம். மேல உள்ளவன் பேர்ல ‘பௌல்’ இருக்காம். பௌல்னா கிண்ணம்லா? எனக்குச் சிரிப்பு தாங்கல. நீ சாம்பியன் பட்டத்தை விட்டுட்டுக் கிண்ணம் ஏந்தப் போகணும்னு ஊரெல்லாம் கையெழுத்து வாங்குதியேடே!

சும்மா சொல்லல. கீழ 24 டீம் பிளேஆஃப்ல மோதி, கடைசியில நிக்கிறவன்தான் ராசா. மேல 2025 கணக்குப்படி 136 டீம். அதுல பிளேஆஃப்புக்கு 12 பேரு. மீதி உள்ளவன்ல கொஞ்சம் நல்லா ஆடுனவனுக்கு ஜோடிக்கு ஒரு கிண்ண ஆட்டம். அதுல ஒண்ணு உருளைக்கிழங்குக் கிண்ணம், பாய்சி நகரத்துல நடக்குது. ஜெயிச்ச கோச்சு தலையில பொரிச்ச உருளைக்கிழங்கைக் கூடையோட கவுத்துதாங்க. நான் டிவியில பாத்தேன். விவசாயி வயிறு எரியும்லா, அம்புட்டுக் கிழங்கு!

கிழங்குன்னதும் ஐடஹோக்காரன் கதை ஞாபகம் வருது. உன் சங்கதிக்கு அதை விட நல்ல பாடம் கிடையாது.

ஒரே மாநிலம், ரெண்டு காலேஜு. ஒண்ணு மாஸ்கோங்கிற ஊர்ல இருக்கிற ஐடஹோ யூனிவர்சிட்டி. ரஷ்யா மாஸ்கோ இல்லடே, கோதுமையும் பயறும் விளையுற சீமை. இன்னொண்ணு தலைநகரத்துல உள்ள பாய்சி ஸ்டேட். 1982-ல இருந்து 1993 வரைக்கும் பன்னெண்டு வருசம் மாஸ்கோக்காரன் பாய்சிக்காரனைத் தொடர்ந்து அடிச்சான். 1996-ல ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து மேல் பிரிவுக்கு ஏறுனாங்க. ஏறுன வருசம் பாய்சிக்காரன் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சான், பத்துல தோத்தான். மாஸ்கோக்காரன் 1998-லயே கிண்ணம் ஜெயிச்சிட்டான். அன்னைக்கு உன்னை மாதிரி ஒருத்தனைக் கேட்டிருந்தா எவன் மேல பணம் கட்டியிருப்பான்?

பொறவு நடந்ததைக் கேளு. 1999-ல இருந்து 2010 வரைக்கும் திரும்பப் பன்னெண்டு வருசம், இந்தத் தடவை அடிச்சவன் பாய்சி. அவன் முன்னமே நீலக் கலர்ல புல்லுத் தரை போட்டிருந்தான், அதுல கூட்டம் சேத்தான், 2007 ஜனவரி ஒண்ணாந்தேதி ஃபியஸ்டா கிண்ணத்துல ஒக்லஹோமாங்கிற பெரிய பண்ணையாரை 43-க்கு 42-ன்னு கவுத்தான். தேசமே வாயப் பொளந்துச்சு.

மாஸ்கோக்காரன் மைதானத்துல பதினாறாயிரம் பேருதான் உக்கார முடியும். மேல கூரை போட்ட மைதானம், குளுருக்கு நல்லது. ஆனா மேல் பிரிவுக்கு இம்புட்டுத் தலை வரணும்னு சட்டம் இருந்துச்சுல்லா? அதுக்காகச் சில வருசம் தன் வீட்டு ஆட்டத்தை எட்டு மைல் தள்ளி, பக்கத்து மாநிலத்துப் புல்மன்ல, இன்னொரு காலேஜு மைதானத்துல நடத்துனான். சொந்த மகள் கல்யாணத்தை அடுத்த ஊரு மண்டபத்துல வச்சு, மாப்பிள்ளை வீட்டுக்கு வழி சொல்லிக்கிட்டு நிக்கிறவன் கதை.

அதோட போச்சா? இங்க தனியா நின்னு ஆட முடியாது. கான்ஃபரன்ஸுன்னு ஒரு பங்காளி வகையறாவுல சேரணும். அவன் ஒவ்வொரு வகையறாவா மாறி மாறி, எவனும் சேக்காம 2013-ல தனியா நின்னான். அந்த வருசம் 12 ஆட்டத்துல ஒண்ணு ஜெயிச்சான். ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட 80-க்கு 14-ன்னு வாங்குனான். பொறவு சன் பெல்ட் வகையறா இடம் கொடுத்துது. அவன் இருக்கிறது வடமேற்கு மூலை. பங்காளிகள் இருக்கிறது ஜார்ஜியா, அலபாமா, லூசியானா. பங்காளி வீட்டு விசேசத்துக்குத் தேசத்தையே குறுக்க தாண்டணும். 2017-க்கு மேல நீ வேண்டாம்னு அந்த வகையறாவும் சொல்லிட்டு.

2016 ஏப்ரல்ல அந்த யூனிவர்சிட்டித் தலைவர் ஒரு முடிவு சொன்னார்: 2018-ல கீழயே போறோம், பழைய பிக் ஸ்கை வகையறாவுக்கே திரும்புறோம்னு. எஃப்.பி.எஸ்.ஸை விட்டுத் தானே இறங்குன முதல் ஆளு அவன்தான். ரசிகமார் கொதிச்சாங்க. நமக்கு மானம் போச்சுன்னாங்க. வேடிக்கை என்னன்னா, இறங்குறோம்னு சொன்ன அதே வருசம் டீம் ஒம்பது ஆட்டம் ஜெயிச்சிட்டு. டிசம்பர்ல உருளைக்கிழங்குக் கிண்ணமும் 61-க்கு 50-ன்னு எடுத்தான். எங்க வச்சு? பாய்சிக்காரன் நீலத் தரையில வச்சு. கீழ வந்த பொறவு 2022, 23, 24 மூணு வருசமும் பிளேஆஃப்புக்குப் போயிட்டான். மானம் எங்கயும் போகலடே, சொந்த மைதானத்துல கூரைக்குக் கீழ சுகமா உக்காந்திருந்துச்சு.

‘தாத்தா, நாங்க பாய்சி மாதிரி’ன்னு நீ சொல்லுவே. ஏறுற எல்லாரும் அப்படித்தான் சொல்லுதான். நாங்க ஐடஹோ மாதிரின்னு சொல்லி எவனாவது கையெழுத்து வாங்குனதுண்டா? சரி, பாய்சிக்காரனாவது ஏறுன இடத்துல திருப்தியா இருக்கானா? இருந்த வகையறா போதாதுன்னு 2026-ல பேக்-12-க்குப் போக 2024-லயே முடிவு எழுதிட்டான். மொட்டைப் பனையில ஏறுனவன், பக்கத்துப் பனை ரெண்டு முழம் ஒசரம்னு அங்க இருந்தே தாவப் பாக்கான்.

இப்ப வாடகைக் கணக்குக்கு வருவோம். மேல ஏற விண்ணப்பக் கட்டணம் முன்ன 5,000 டாலரு. 2023-ல அதை 50 லட்சம் டாலரா ஆக்கிட்டாங்க. ஆயிரம் மடங்குடே! எங்க ஊர்ல வட்டிக்கு விடுறவன் கேட்டாக்கூட வெக்கப்படுவான். அதுக்கும் முதல்ல ஒரு வகையறா உன்னைக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடாத கல்யாணத்துக்கு மொய்ப் பணத்தோட போனாலும் வாசல்ல நிப்பாட்டுவான். ஏறுன பொறவு முதல் ரெண்டு வருசம் வேடிக்கை பாக்கிற கணக்கு. ஜேம்ஸ் மேடிசன் யூனிவர்சிட்டி 2022-ல ஏறுனான். 2023-ல வரிசையா பத்து ஆட்டம் ஜெயிச்சும் கிண்ணத்துக்கு உனக்குத் தகுதி இல்லன்னுட்டாங்க. கடைசியில தகுதி உள்ளவன் எண்ணிக்கை குறைஞ்சு, பந்தியில இலை மிச்சம் விழுந்ததால உக்கார வச்சாங்க.

சோறு போடுற செலவைக் கேளு. நேத்து வரைக்கும் கீழ 63 பேருக்கு முழு உதவித்தொகை, மேல 85 பேருக்கு. இப்ப கோர்ட்ல ஒரு சமரசம் ஆகி, 2025-ல இருந்து ஆடுற பிள்ளைகளுக்கே காலேஜு நேராப் பணம் கொடுக்கலாம். முதல் வருசத்துக்கு ஒரு காலேஜு அதிகபட்சம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். பிள்ளைக வாங்கட்டும், எலும்பு முறியுறது அதுகளுக்குத்தான். அம்புட்டுக் கொடுக்கிறவன் டிவிப் பணத்துல புரளுற பண்ணையாரு. நீ அவன் பக்கத்துல பாயைப் போட்டு உக்காரணும்ங்கிற. ஏறுன சின்னக் காலேஜுகள்ல பலது அந்தச் செலவை யார் தலையில கட்டுது? பந்து எந்தப் பக்கம் போகுதுன்னுகூடத் தெரியாம லைப்ரரியில உக்காந்து படிக்கிற பிள்ளை கட்டுற ஃபீஸுல. உன் ஃபீஸு ரசீதை எடுத்து ஒருக்கா வாசிச்சுப் பாரு. வாசிச்சிருக்க மாட்ட. கட்டுறது உங்கப்பன்லா.

கீழ இருந்தா பேரே கிடைக்காதுன்னு சொல்லாத. 2007 செப்டம்பர் ஒண்ணாந்தேதி மிச்சிகன்காரன், நாட்டுலயே அஞ்சாவது எடத்துல இருந்தவன், ஆப்பலாச்சியன் ஸ்டேட்டை நாலு லட்சம் டாலர் கூலி பேசிக் கூப்பிட்டான். எதுக்கு? வந்து அடி வாங்கிட்டுப் போக. லட்சத்துக்கு மேல சனம் உக்காந்து பாக்குது. போனவன் 34-க்கு 32-ன்னு அடிச்சிட்டு, கடைசி உதையைக் கையால மறிச்சு விழுத்தாட்டிட்டு, கூலியையும் வாங்கி மடியில கட்டிக்கிட்டு ஊருக்கு வந்தான். அப்ப அவன் கீழ் பிரிவு. 2014-லதான் மேல ஏறுனான். முதல்ல அடி, பொறவு ஏணி.

ரசிகன்னா எப்படி இருக்கணும்னும் ஒரு ஊரு காட்டியிருக்கு. அலபாமாவுல பர்மிங்காம். அந்த ஊரு யூனிவர்சிட்டி 2014 டிசம்பர்ல, கட்டுப்படியாகலன்னு டீமையே மூடிட்டு. ஊர்க்காரன் கத்துனான், அழுதான், ஆனா அதோட நிக்கல. பையைத் திறந்தான். வியாபாரிகளும் சேந்தாங்க. ஆறே மாசத்துல மூடுனவனே திறக்கிறோம்னு சொன்னான். 2017-ல மைதானத்துல இறங்கி எட்டு ஆட்டம் ஜெயிச்சான்.

நம்ம ஊர்ல இதுக்கு நேர்மாறா நடந்திருக்கு. நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கணும்னு மனு எழுதுனோம். கையெழுத்துப் போட இடம் பத்தாம மேல் தாள் ஒட்டுனோம். பொதுமக்கள் பங்குத்தொகை கட்டணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. மறுநாள் வசூலுக்குப் போறேன், பாதி வீடு பூட்டிக் கிடக்கு. பகல் பதினோரு மணிக்கு! உள்ள மிக்ஸி ஓடுத சத்தம் கேக்கு. அன்னையில இருந்து எனக்குக் கையெழுத்து மேல ஒரு மரியாதை, ரூவா மேல இன்னொரு மரியாதை.

இப்ப உன் விசயம். போன சனிக்கிழமை என்னையும் ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேல்லா? மங்கி குல்லா, ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல உங்கப்பன் கோட்டு. மூட்டையைக் கட்டி இறக்குன மாதிரி ஒரு இரும்பு பெஞ்சுல இறக்கி வச்ச. மைதானத்துக்கு வெளிய லாரிக்குப் பின்னால அடுப்பைப் பத்த வச்சுக் கறி சுட்டுக்கிட்டு இருந்த கூட்டத்தைப் பாத்து, ‘பாருங்க தாத்தா, நம்ம பலம்’ன்ன. பாத்தேன். ஆட்டு மந்தையை எண்ணிப் பழகுன கண்ணு, சும்மா இருக்குமா? ஆட்டம் தொடங்கும்போது நம்ம வரிசையில 23 தலை. இடைவேளை முடிஞ்சு எண்ணுதேன், நாலு. அதுல ஒண்ணு நான். இன்னொண்ணு போர்வை போத்துன ஒரு பாட்டியம்மா, கையில மாட்டு மணி. பனி விழ விழ அந்தம்மா மணியை ஆட்டுது, நம்ம பயலுக ஒவ்வொரு தடவை விழும்போதும் உச்சு கொட்டுது. நான் நடுங்குறதைப் பாத்துட்டுப் போர்வையில பாதியைத் தந்துச்சு. உன்னைத் தேடுனேன். நீ காருக்குள்ள ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்து போன்ல மேல் பிரிவுக்கு ஆதரவு திரட்டிக்கிட்டு இருந்த.

ஏறுங்கடே, வேண்டாங்கல. அந்த அட்டையில பேருக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு கட்டம் போடு: எம்புட்டுத் தருவே, எத்தனை மணி வரைக்கும் உக்காருவே. ரெண்டும் நிறைஞ்சு வந்தா நானே ஏணியைப் பிடிக்கேன்.

காலையில நான் போட்டது ஏன் நீளமாயிட்டுன்னு இப்பவாவது கேக்கியா? தமிழ் வாசிக்கப் படிடா படிடான்னு உங்க ஆச்சி தலைபாடா அடிச்சுக்கிட்டா, கேட்டியா? அது என் பேரு இல்லலே. ‘இடைவேளைக்கு எந்திரிச்சுப் போனவன் கொண்டு வந்த தாளு, இது செல்லாது’ன்னு எழுதியிருக்கேன்.