சுட்டால் செலவு

"இது சும்மா சுடற கேம் இல்லப்பா, கதை இருக்கு" என்று சொல்லித்தான் லீவுக்கு வந்த மகன் என்னை அவன் நாற்காலியில் உட்கார வைத்தான். மெட்ரோ 2033. உக்ரைன்காரர்கள் உருவாக்கி 2010-ல் வெளியானது. ரஷ்ய எழுத்தாளர் குளுகோவ்ஸ்கியின் நாவல்தான் மூலம். அணுகுண்டு விழுந்து மாஸ்கோ அழிந்து இருபது வருஷம். மிஞ்சிய சனம் மெட்ரோ நிலையங்களில் குடித்தனம் நடத்துகிறது.

தகரமும் துணியும் வைத்துத் தடுத்த அறைகள், புகை, இருமல், எங்கோ ஒரு கிதார். சுரங்கத்தின் இருட்டைப் பார்த்து வயிறு கலங்கியது உண்மை. மற்றபடி ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவனுக்கு எதுவும் புதிதாகப் படவில்லை. டார்ச் மங்கினால் ஒரு சார்ஜரைக் கையால் அமுக்கி அமுக்கி ஏற்ற வேண்டும். பாட்டி பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடித்த வேகத்தில் அடித்தேன். "போதும்ப்பா, முள் கடைசிக்குப் போயிடுச்சு" என்றான் பையன்.

வினை பணத்தில் வந்தது. அங்கே ரூபிள் செல்லாது. போருக்கு முன் ராணுவத்துக்காகச் செய்த அசல் தோட்டாதான் காசு. சுரங்கத்தில் செய்த மட்டரகத் தோட்டா சுடுவதற்கு. அசலையும் சுடலாம், அடி பலமாக விழும். ஆனால் விசையை அழுத்தினால் சில்லறை பறக்கிறது! மாசக் கடைசியில் ஆட்டோவுக்கே யோசிப்பவனிடம் கொடுக்கிற துப்பாக்கியா இது?

தரைக்கு மேலே போனால் விஷக்காற்று. முகமூடி போட வேண்டும், அதற்கு ஃபில்டர் மாற்ற வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கைக்கடிகாரம் காட்டுகிறது. தண்ணீர் சுத்திகரிப்பானின் ஃபில்டரையே கெடு தாண்டி நாலு மாசம் ஓட்டுகிறவன் நான். காதில் இழுப்பு வந்த மாதிரி மூச்சுச் சத்தம். கண்ணாடியில் விரிசல் வேறு.

"மாத்துங்கப்பா, செத்துடுவீங்க!"

"இருடா, இன்னும் கொஞ்சம் வரும்."

வரவில்லை. செத்தேன். கொஞ்சம் முன்னால் விட்ட இடத்தில் மறுபடி எழுந்தேன், ஃபில்டர் மாற்றினேன்.

அப்போது ஓநாய் ஜாடையில் ஒரு கூட்டம் வந்தது. அவற்றுக்கு வாட்ச்மேன் என்று பேராம். எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேனைப் பார்த்திருந்தால் அந்தப் பேரை வைத்திருக்க மாட்டார்கள். இவை தூங்கவே இல்லை. மட்டரகம் தீர்ந்தது. "அசலைப் போடுங்க!" என்று கத்தினான். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். ஒவ்வொரு வெடியும் ஆட்டோ மீட்டர் போல நெஞ்சில் ஓடியது.

எல்லாம் விழுந்துவிட்டன. "சூப்பர்ப்பா!" என்று முதுகில் தட்டினான்.

நான் கணக்கைப் பார்த்தேன். இருபத்து மூன்று தோட்டா காலி.

"ஏண்டா, செத்தா பழைய இடத்துலேருந்துதானே ஆரம்பிக்கும்? அப்ப தோட்டா?"

"அதுவும் பழையபடி இருக்கும். ஏன்?"

முகமூடியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றேன்.