பேர் கேட்ட பேரன்

மனே, நீ ராத்திரி போன் எடுத்துக் கேட்ட கேள்வியில எனக்கு விடியமட்டும் நித்திரை இல்ல. நாய்க்கு ஒரு பேர் வேணும். பழைய பேரா இரிக்கணும், மதிப்பாயும் இரிக்கணும். ஆணுக்கும் பொருந்தணும், பொண்ணுக்கும் பொருந்தணும். 'ஜென்டர் நியூட்ரல் அம்மப்பா' எண்டு நீ சொல்ல, லான்ட்மாஸ்டரில கியர் விழாமக் கிடக்கிற கதையாக்கும் எண்டு நான் நினைச்சன். நியூட்ரலில விட்டா மிசின் நகராதே மனே எண்டன். நீயும் சிரிச்சாய், பக்கத்தில நிண்டு உன்ட பெத்தாவும் சிரிச்சா. சரி, சிரிச்ச வாயோட கேளு.

நீ கேட்டது சரியான ஆள்ட்டத்தான். இருவது வயசில மீசையை வழிச்சுப்போட்டு வடமோடிக் கூத்தில சுபத்திரை வேசம் கட்டினவன் நான். அண்டைக்கு ஒட்டின பேர் இண்டைக்கும் கழரல்ல. எண்பது தாண்டிட்டு, மீசையும் வளந்து வெள்ளையாப் போச்சு, சந்தியில நிண்டு ஒருத்தன் 'சுபத்திரை அண்ணே' எண்டா நான்தான் கிறுகிப் பாக்கணும். பொண்ணுப் பேரோட அறுபது வருசம் இந்தப் படுவான்கரையில வெள்ளாமை செஞ்சவனுக்கு உன்ட நியூட்ரல் ஒண்டும் புதுசில்ல.

எங்களுக்குத் தமிழ் படிப்பிச்ச வாத்தியார் தொல்காப்பியத்தைப் பாதி வாயாலயும் பாதி பிரம்பாலயும் படிப்பிச்சவர். அதில எனக்கு மறக்காம நிக்கிறது ரெண்டு விசயம். ஒண்டு, மனிசருக்குத்தான் ஆண்பால் பெண்பால். நாய் அஃறிணை, ஒண்டெண்டா ஒன்றன்பால், கனக்க எண்டாப் பலவின்பால். கடுவன் வந்தாலும் 'நாய் வந்தது'தான், பெட்டை வந்தாலும் 'நாய் வந்தது'தான். உன்ட கொம்பனியில இப்பத்தான் கூட்டம் வச்சுக் கண்டுபிடிச்ச சாமான் எங்கட இலக்கணத்தில நாய்க்கு எப்பவோ குடுத்தாச்சு. கல்லடிப் பாலத்தடியில பாடுற மீனையும் பாரு. 1950கள்ல லாங் எண்டு அமெரிக்கப் பாதிரியார் ஒருத்தர் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செஞ்சவர். பாடுறது ஆணா பொண்ணா எண்டு எங்கட ஆக்கள் ஒரு நாளும் சண்டை பிடிக்கல்ல. மீன் பாடுது, அவ்வளவுதான்.

மற்றது, மரபியலில நாய்க்குட்டிக்குக் குருளை எண்டு பேர். பெட்டை நாய்க்கு என்ன பேர் தெரியுமா? பாட்டி! சத்தியமா மனே. இந்தியப் படம் பாத்துப்போட்டு போன சித்திரை வருசத்துக்கு வந்து உன்ட பெத்தாவை 'பாட்டி' எண்டு கூப்பிட்டியே, நான் ஏன் அப்பிடிச் சிரிச்சன் எண்டு இப்ப விளங்குதா? அவக்கு இன்னும் சொல்லல்ல. சொன்னா எனக்குச் சோறு இல்ல.

மறுகா, நீ எழுதி அனுப்பின பேர்களையும் பாத்தன். பேரெழில். யாழிசை. அகிலம். வாசிக்க வடிவாத்தான் இரிக்கு. ஆனா நாயின்ட பேர் வாசிக்கிறதுக்கில்ல, கத்துறதுக்கு. விபுலாநந்த அடிகள் 1947ல யாழ் நூலை அரங்கேத்தினவர். அவர் அந்தப் பாடுபட்டது நீ ஒரு நாய்க்குப் பேர் வைக்கிறத்துக்கு எண்டு நான் நினைக்கல்ல. மாரிக்கால இருட்டில, வாடியில நிண்டு, வயலுக்கு அங்கால பண்டிக்குப் பின்னால ஓடுற நாயை 'யாழிசை' எண்டு கூப்பிட்டுப் பாரு. நீ யாழை இழுத்து இசைக்கு வரக்குள்ள பண்டி அரை வயலை உழுதுபோட்டுப் போயிடும். ரெண்டெழுத்து போதும். கூடினா மூண்டு. கடைசியில வாய் திறந்து நிக்கிற சத்தம் வரணும், அப்பத்தான் காத்தில போகும். இது என்ட புத்தி மட்டும் இல்ல. கிறிஸ்துவுக்கு முந்தின நாலாம் நூற்றாண்டில, கிரேக்க நாட்டில செனபோன் எண்டு ஒரு பட்டாளத்துக்காரன் வேட்டை நாயைப் பத்தி ஒரு பொத்தகமே எழுதினவனாம். கூப்பிட லேசாக் கட்டையான பேரா வை எண்டு சொல்லிப்போட்டு, நாப்பதுக்கு மேல பேரையும் வரிசையா எழுதி வச்சிரிக்கான். பிரம்புக்காரர் சொன்ன கதைதான் இதுவும்.

கட்டையான பேர் எண்டுபோட்டு வாயில வந்ததை வைக்கவும் ஒண்ணா. உன்ட சின்ன மாமன் ஒரு குட்டிக்குச் 'சூட்டி' எண்டு பேர் வச்சவன். நல்ல பேர்தான், ஆணெண்டும் இல்ல பொண்ணெண்டும் இல்ல. ஆனா நாங்க நாயை ஏவி விடுறத்துக்கு என்ன சொல்லுவம்? சூ! வாசலுக்குத் தபால்காரர் வரக்குள்ள இவன் நாயைத் தடுக்கப் பாத்து 'சூ...' எண்டு துவங்கினான். 'ட்டி' வாறத்துக்குள்ள நாய் போய்ச் சேந்திட்டு. காற்சட்டைக்கு நான்தான் காசு குடுத்தன்.

வெள்ளைக்காரன் 1948ல போயிட்டான், அவன்ட நாயின்ட பேர் மட்டும் போகல்ல. ஜிம்மி, ரொமி, ரைகர். ஜிம்மி எண்டா அவன்ட ஊரில ஆம்புளை. இஞ்ச ஆறு குட்டி போட்ட ஜிம்மியும் இரிக்கு. நியூட்ரல் எண்டா இது நியூட்ரல்! எங்கட வீட்டிலயும் ஒரு ரைகர் இருந்திச்சு, தொண்ணூறுகள்ல. ஒரு பின்னேரம் அது றோட்டால ஓடி ஆமிச் சென்றியடிக்குப் போயிட்டு. உன்ட பெரிய மாமனுக்கு அப்ப ஏழு வயசு. அவன் வேலியில ஏறி நிண்டு அடித்தொண்டையால, 'ரைகர்! ரைகர்! ஓடி வா, சோறு வச்சிரிக்கு!' எண்டு கத்தினான் பாரு. புலிக்குச் சோறு! சென்றியில நிண்ட பொடியனுக்குத் தமிழில ஒரு சொல்லும் தெரியாது, ஆனா அந்த ஒரு இங்கிலீசுச் சொல்லு நல்லா விளங்கும். துவக்கைத் தூக்கிட்டான். நான் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடி, நாயை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சு, 'மாத்தயா, பல்லா! பல்லா!' எண்டன், நாய் எண்டு சிங்களத்தில. அவன் நாயைப் பாத்தான், என்னைப் பாத்தான், மறுகா சிரிச்சுட்டான். என்ட கால் நடுக்கம் வீட்டுக்கு வந்தும் நிக்கல்ல.

அண்டு ராவே பேரை மாத்தினம். மணி எண்டு.

புதுப் பேர் நாய்க்கு விளங்க ஒரு மாசம். பழைய பேரை நாங்க மறக்க மூண்டு மாசம்.

மணிதான் மனே நீ தேடுற பேர். ஆம்புளைக்குச் சுப்பிரமணியம், பொண்ணுக்கு மணிமேகலை. ரெண்டையும் செல்லமாக் கூப்பிட்டா மணிதான் வரும். கோயிலில தொங்குறதும் மணி, மாட்டுக் கழுத்தில கிடக்கிறதும் மணி, நெல்லும் மணி. வடக்கையும் நாய்க்கு மணி, தமிழ்நாட்டிலயும் நாய்க்கு மணி. இதை விடப் பழசா, பொதுவா ஒரு பேர் வேணுமெண்டாச் செனபோனைத்தான் எழுப்பிக் கேக்கணும். ஒரு குறை இரிக்கு. எங்கட ஒழுங்கையில மணி எண்டு ரெண்டு மனிசர் இரிக்காங்க. நாயைக் கூப்பிட்டா மூண்டும் வரும்; ரெண்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகும். உன்ட வெள்ளவத்தை மாடி வீட்டில அந்தச் சிலவு இல்ல.

பேர் முடிஞ்சிது. இனி நான் விடியமட்டும் நித்திரை கொள்ளாத விசயத்துக்கு வாறன்.

போனை வைக்கக்குள்ள, போற போக்கில ஒண்டு சொன்னாய். 'கடுவன் குட்டியாப் பாத்து எடுத்து வையுங்க அம்மப்பா.' பெத்தாவுக்குக் கேக்கல்ல. எனக்குக் கேட்டுது. ஏன் ராசா, பேர் மட்டும் ரெண்டுக்கும் பொருந்தணும், குட்டி ஒண்டாத்தான் இரிக்கணுமா? கடுவன்தான் வேணுமெண்டா வீரன் எண்டு வச்சிட்டுப் போவன். என்னத்துக்கு என்ட நித்திரையைக் கெடுத்தாய்?

நீ மட்டும் இல்ல, ஊரே அப்பிடித்தான். இந்த முறை எங்கட நாய் அஞ்சு போட்டிச்சு. ரெண்டு கடுவன், மூண்டு பெட்டை. கண் திறக்க முன்னமே கடுவன் ரெண்டுக்கும் ஆள் வந்திட்டு. பெட்டையைத் திருப்பிப் பாத்திட்டு, 'வேணாம் அண்ணே, குட்டி போட்டுத் தள்ளும்' எண்டு கீழ வச்சிட்டுப் போறாங்க. பெட்டைக் குட்டியெல்லாம் கடைசியில எங்க போகுது எண்டு உனக்குத் தெரியுமா? யூரியா பேக்கில. சந்தையடியில, கோயிலடியில, ஆத்தங்கரையில கொண்டு விட்டிட்டு வாறாங்க. போன மாசம் துறையடியில ஒரு பேக் தானா அசைஞ்சிச்சு. அவிழ்த்துப் பாத்தா நாலு. நாலும் பெட்டை. ஒண்டுக்கு உசிர் இல்ல.

இதில எனக்கு விளங்காதது என்னெண்டா, எங்கட மட்டக்களப்பில குடி தாய்வழி. உன்ட குடி உனக்கு அப்பாவால வரல்ல, அம்மாவால வந்திச்சு. வீடும் வளவும் பொம்புளைப் பிள்ளைக்குத்தான். நானே இந்த வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோட மாப்பிள்ளையா வந்து குந்தினவன். இண்டைக்கும் உறுதி பெத்தாட பேரிலதான், ஏசினா நான்தான் வெளிய போகணும். மனிசரில பொண்ணுக்கு வீடு. நாயில பொண்ணுக்கு யூரியா பேக். என்ன ஞாயம் இது?

பெட்டை எண்டா ஒண்டுக்கும் உதவாது எண்டு நினைக்காத. 1957 நவம்பர் 3ம் தேதி ரஸ்யாக்காரன் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பினான், கேள்விப்பட்டிருப்பாய். லைக்கா. மொஸ்கோத் தெருவில அலைஞ்ச பெட்டை. பாவம், திரும்பி வரல்ல. மகாவம்சத்தில விசயன்ட ஆக்கள் கரையில இறங்கி ஒரு பெட்டை நாயைக் கண்டுதான், நாய் இருந்தா ஊர் இரிக்கும் எண்டு ஒருத்தன் பின்னால போனான். அது நாயில்ல, இயக்கி எண்டு மறுகாத்தான் தெரிஞ்சிச்சு. அது அவன்ட விதி.

குட்டி போடும் எண்டு பயப்படாத. 63 நாள் சுமந்து போடுறதை நிப்பாட்ட மிருக வைத்தியர் இரிக்கார். ஆறு மாசமானதும் கொண்டு போய்க் கருத்தடை செய். விசர்நாய்த் தடுப்பூசியையும் வருசாவருசம் போடு. 1893லயே விசர்நாய்க்கு எண்டும் 1901ல நாயைப் பதியிறத்துக்கு எண்டும் இந்த நாட்டில சட்டம் போட்டாச்சு; எங்கட ஒழுங்கைக்கு அது இன்னும் வந்து சேரல்ல, வெள்ளவத்தைக்காவது வந்திருக்கும்.

ஒரு குட்டி உனக்கெண்டு வச்சிரிக்கன். கறுப்பு, நெத்தியில மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. இண்டைக்கு விடியத்தான் மணி எண்டு கூப்பிட்டுப் பாத்தன், காதைத் தூக்கிச்சு. பெட்டை. உதயதேவி ரெயிலில வந்து இறங்கு, களுவாஞ்சிக்குடிக்கு பஸ் எடு, குறுமண்வெளித் துறையில பாதைப் படகு ஏறினா மண்டூர். வரக்குள்ள ஒரு கூடை கொண்டு வா. யூரியா பேக்கில போட்டு நான் தரமாட்டன்.