தற்காலிக ஜம்போ

போயிங் 747 விமானத்தின் கதையைக் கம்பெனிக்காரர்கள் சொன்னால், தீர்க்கதரிசிகள் சிலர் வானத்தைப் பார்த்தபடி கனவு கண்டதில் தொடங்கும். நிஜத்தில் அது டெண்டரில் தோற்றதில் தொடங்கியது.

அறுபதுகளின் நடுவில் அமெரிக்க விமானப்படைக்கு, டாங்கிகளையே விழுங்கிக்கொண்டு பறக்கும் ராட்சத சரக்கு விமானம் ஒன்று தேவைப்பட்டது. போயிங் உயிரைக் கொடுத்துப் போட்டி போட்டது. 1965-ல் லாக்ஹீட் ஜெயித்து, சி-5 கேலக்ஸி கட்டப் போய்விட்டது. போயிங்குக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஞானம்: முகப்பில் பெரிய விசிறி வைத்த புதுவகை ஜெட் எஞ்சின் வரப்போகிறது. பழைய எஞ்சினைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும், எண்ணெயையும் அளவாகத்தான் குடிக்கும்.

அதே சமயம் நியூயார்க்கில் பான் ஆம் கம்பெனியின் தலைவர் ஹுவான் டிரிப் பொறுமையிழந்துகொண்டிருந்தார். கூட்டம் பெருகுகிறது, விமான நிலையங்கள் பிதுங்குகின்றன, 707 போதவில்லை. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக ஒன்று வேண்டும். டிரிப் கேட்டால் கேட்டதுதான். அவரும் போயிங் தலைவர் பில் ஆலனும் மீன் பிடிக்கப் போனார்களாம். "நீங்கள் கட்டினால் நான் வாங்குகிறேன்" என்று இவர் சொல்ல, "நீங்கள் வாங்கினால் நான் கட்டுகிறேன்" என்று அவர் சொல்ல, விஷயம் முடிந்தது என்று ஒரு கதை உண்டு. ஆலன் அடிப்படையில் வக்கீல். ஊராரின் ஒப்பந்தங்களையெல்லாம் வரிவரியாகப் படித்தவர், இதில் மட்டும் விழுந்துவிட்டார். தூண்டிலில் மாட்டிய மீன் யார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

1966 ஏப்ரலில் பான் ஆம் 25 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மதிப்பு 52.5 கோடி டாலர். அதுவரை உலகம் காணாத விமான ஆர்டர். ஒரே ஒரு சின்னக் குறை: விமானத்தின் வடிவம் இன்னும் முழுசாக முடிவாகவில்லை.

போயிங்கின் கெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் அப்போது வேறு அறையில் இருந்தார்கள். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சூப்பர்சானிக் விமானம்தான் கம்பெனியின் செல்லப்பிள்ளை. எதிர்காலம் அதுதான் என்று அரசாங்கம், பத்திரிகை, பான் ஆம் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அது வரும்வரை ஜனங்களை ஏற்றி இறக்க ஒரு தற்காலிக ஏற்பாடுதான் 747. அந்த ஒப்புக்குச் சப்பாணி வேலைக்கு 44 வயதுப் பொறியாளர் ஜோ சட்டர் பிடிபட்டார். 1965 ஆகஸ்டில் ஹூட் கெனால் கரையில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தவரை ஃபோனில் கூப்பிட்டுத் தலையில் கட்டினார்கள். விடுமுறையில் ஃபோனை எடுக்கக் கூடாது என்பதற்கு உலக வரலாற்றில் இதைவிட நல்ல சான்று இல்லை.

டிரிப்பின் ஆசை இரட்டை மாடி விமானம். சட்டரின் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. மாடியில் இருப்பவர்கள் ஆபத்தில் எப்படி இறங்குவார்கள்? சரக்கை எங்கே ஏற்றுவது? அதனால் ஒரே தளம், ஆனால் 20 அடி அகலம், நடுவில் இரண்டு நடைபாதை என்று வரைந்தார்கள். ஆர்டர் கொடுத்தவரிடம் இதை யார் போய்ச் சொல்வது? மில்ட் ஹைனமன் என்ற பொறியாளர் நியூயார்க் போனார். கையில் கம்ப்யூட்டர் கணக்கு இல்லை, 20 அடிக் கயிறு இருந்தது. அதை பான் ஆம் அலுவலகத்தில் இழுத்துப் பிடித்துக் காட்டினார். இவ்வளவு அகலத்தில் உட்கார்ந்தபடி அட்லாண்டிக்கைத் தாண்டலாம் என்றதும் பெரிய மனிதர்கள் வாயடைத்துப் போனார்கள். 52.5 கோடி டாலர் விவகாரத்தில் கயிறு திரிப்பார்கள். இங்கே கயிற்றைக் காட்டியே காரியம் முடிந்தது.

20 அடிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எட்டடி அகல சரக்குப் பெட்டிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். எப்படியும் சூப்பர்சானிக் வந்ததும் இந்த விமானத்தின் பிழைப்பு சரக்கு சுமப்பதுதானே? மூக்கைத் தூக்கினால் பெட்டிகள் நேராக உள்ளே போக வேண்டும். அதற்கு பைலட் அறை வழியில் நிற்கக் கூடாது. தூக்கி மேலே வைத்தார்கள். காற்று ஒழுங்காகப் போவதற்காக அதன் பின்பக்கத்தைச் சரித்து இழைத்தார்கள். உலகமே அழகு என்று சொக்கிப்போன அந்தத் திமில், வயதான காலத்தில் மூட்டை தூக்கப் போகும் விமானத்துக்குச் செய்த முன்னேற்பாடு.

திமிலுக்குள் கொஞ்சம் இடம் மிஞ்சியது. மாதிரியைப் பார்வையிட வந்த டிரிப், இது எதற்கு என்றார். விமானிகள் ஓய்வெடுக்க என்றார்கள். டிரிப்பா விடுவார்? பயணிகளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சுழல் படிக்கட்டு வந்தது, முதல் வகுப்புக்காரர்களுக்கு மாடி ஓய்வறை வந்தது. பிறகு ஏர் இந்தியாவும் இந்த விமானங்களை வாங்கி, பலவற்றுக்குச் சக்கரவர்த்திகளின் பெயரைச் சூட்டியது. ஒன்றின் பெயர் ராஜேந்திர சோழன். கடாரத்துக்குக் கப்பல்களை அனுப்பியவர், இந்தத் தடவை தாமே மாடி வைத்த விமானத்தில் போனார்.

இவ்வளவு பெரிய விமானத்தைக் கட்ட இடம்? சியாட்டிலுக்கு வடக்கே எவரெட்டில் 780 ஏக்கர் வாங்கிக் காட்டை வெட்டினார்கள். மழை கொட்டியது, மண் சரிந்தது. தொழிற்சாலைக்குக் கூரை போட்டு முடியும் முன்பே உள்ளே விமானத்தின் முழு அளவு மாதிரியைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கொள்ளளவில் இன்றைக்கும் உலகின் மிகப்பெரிய கட்டடம் அதுதான்.

விமானமோ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருத்தது. 250 டன் என்று நினைத்தது 322 டன்னில் வந்து நின்றது. செலவைப் பார்த்து மிரண்ட மேலிடம், ஆயிரம் பொறியாளர்களைக் குறைக்கச் சொன்னது. சட்டர் முடியாது என்றதோடு நிற்கவில்லை, இன்னும் ஆள் வேண்டும் என்றார். வேலை போகும் என்று நினைத்தபடி கூட்டத்தைவிட்டு வெளியே வந்தார். போகவில்லை. அவரை அனுப்பிவிட்டால் அந்தத் தலைவலியை வேறு யாரும் வாங்கத் தயாராக இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

விமானிகளுக்கு வேறு பிரச்சினை. மூன்று மாடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு தரையில் எப்படித் திருப்புவது? சோதனை விமானி ஜாக் வாடெல் ஒரு லாரிமேல் அதே உயரத்துக்குக் கம்பிச் சட்டம் கட்டி, உச்சியில் போலி பைலட் அறையை வைத்துப் பழகினார். 1969 பிப்ரவரி 9-ல் நிஜத்தை ஓட்டினார். இறக்கையின் மடலில் (ஃபிளாப்) கோளாறு, சீக்கிரமே இறக்கிவிட்டார். ஆனாலும் விமானம் தங்கமானது என்று சான்றிதழ் கொடுத்தார்.

எஞ்சின்தான் தங்கமாக இல்லை. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் முழு வேகத்தில் தள்ளும்போது அதன் உறை வளைந்து, வட்டம் முட்டை வடிவமானது. விசிறிகள் உறையில் உரசின. எஞ்சின் வந்து சேராததால், கட்டி முடித்த விமானங்கள் எவரெட்டில் வரிசையாக நின்றன. சமநிலை கெடாமல் இருக்க, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் கட்டிகளைத் தொங்கவிட்டார்கள், புது வீட்டுத் திருஷ்டிப் பூசணிக்காய்போல. அப்படியும் கண்ணேறு கழியவில்லை. 1970 ஜனவரியில் அதிபரின் மனைவி பாட் நிக்சன் வர்ணத் தண்ணீர் பீய்ச்சிப் பெயர் சூட்டி வைத்தார். சில நாளில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் பயணம். கிளம்பும் நேரத்தில் எஞ்சின் சூடாகிப் படுத்துவிட்டது. வேறு விமானத்தைக் கொண்டுவந்து, அதற்கே அந்தப் பெயரையும் வைத்து, நள்ளிரவு தாண்டித்தான் கிளப்பினார்கள்.

அதற்குள் பொருளாதாரம் படுத்தது, ஆர்டர்கள் நின்றன. போயிங்கின் வங்கிக் கடன் நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த சியாட்டில் வட்டார ஊழியர்கள் 40,000-க்கும் கீழே போனார்கள். ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி 1971-ல் யாரோ விளம்பரப் பலகையே வைத்தார்கள். அதே வருஷம் மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் சூப்பர்சானிக் திட்டத்துக்குப் பணம் தர மறுத்தது. செல்லப்பிள்ளை மரப்பலகை மாதிரியைத் தாண்டிப் பிறக்கவே இல்லை.

தற்காலிக ஏற்பாடு? கேட்டு வாங்கிய பான் ஆம் 1991-ல் திவாலானது, 747 பறந்தது. ஐரோப்பியரின் சூப்பர்சானிக் விமானம் கான்கார்ட் 2003-ல் ஓய்வு பெற்றது, 747 பறந்தது. மொத்தம் 1,574 விமானங்கள். கடைசி விமானம் 2023 ஜனவரி 31-ல் அட்லஸ் ஏர் கம்பெனிக்குப் போனது. அது சரக்கு விமானம், மூக்கைத் தூக்கிப் பெட்டி ஏற்றும் ரகம். பக்கவாட்டில் சட்டரின் படம் ஒட்டியிருந்தது.

ஆகவே, உங்கள் ஆபீஸில் கெட்டிக்காரர்களுக்கெல்லாம் பெரிய வேலையைக் கொடுத்துவிட்டு, உங்களிடம் ஏதோ தற்காலிக வேலையைத் தள்ளினால் முகத்தைத் தூக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் ஆளைக் குறைக்கச் சொன்னால் மட்டும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.