வெள்ளையியல்: ஆங்கிலேய மாளிகைத் திருமணப் பூக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை

எல்லை வகுக்காத ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை. வகுத்த ஏட்டை யாரும் படிப்பதில்லை. இருந்தாலும் மரபு மரபுதான். 'எஸ்டேட்' என்றதும் தமிழ்க் காதுக்குத் தேயிலைச் சரிவும் அட்டைப்பூச்சியும் கங்காணியின் அதட்டலும் வந்து சேரும். இவ்வாய்வு அந்த எஸ்டேட்டுக்குள் போகாது. ஈண்டு எஸ்டேட் என்பது இங்கிலாந்து நாட்டுப்புறத்து மாளிகை. ஏரி, புல்வெளி, மான் மேயும் நிலம், செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் ஆண்டு, கூரை ஒழுகலைச் சமாளிக்க முடியாமல் இன்று கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் சொத்து. அங்கே மணம் முடிக்க வரும் பெண், பூவெல்லாம் வெள்ளையாகவே இருக்கட்டும் என்பாள். பூ அலங்காரம் செய்பவர் சரி என்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலே நம் ஆய்வுப் பொருள்.

கருதுகோள்: வெள்ளைப் பூ என்று ஒன்று கிடையாது.

முதல் இயல்: இல்லாத நிறம்

சிவப்பு ரோஜாவில் ஆந்தோசயனின் என்ற சாயம் இருக்கிறது. மஞ்சள் சாமந்தியில் கரோட்டினாய்டு. வெள்ளை இதழைப் பிழிந்தால் வெள்ளைச் சாயம் வருமோ எனின், வராது. இதழின் செல்களுக்கு நடுவே காற்று அடைபட்டுக் கிடக்கிறது. உள்ளே புகும் ஒளி செல்லிலும் காற்றிலும் மாறிமாறி மோதிச் சிதறி, எல்லா நிறமும் கலந்தபடியே வெளியே வருகிறது. நுரையும் பனியும் பொடியுப்பும் வெளுத்துத் தெரிவது இதே கணக்கில்தான். இதைச் சோதிக்க ஆய்வாளர் வெள்ளை ரோஜா இதழ் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கித் தேய்த்தார். தேய்த்த இடம் வடை மடித்த காகிதம்போல எண்ணெய் கண்டு, பின்னாலிருந்த ரேகை தெரிந்தது. காற்று போயிற்று, கூடவே வெள்ளையும் போயிற்று. ஆக, லட்சக்கணக்கில் செலவழித்துக் கப்பலளவு கூடத்தை நிரப்பும் இந்த அலங்காரத்தில் விலைக்கு வாங்கப்படுவது பெரும்பாலும் காற்று.

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் போதாதா என்பாரும் உளர். தனியே பார்த்தால் போதும். பக்கத்தில் இன்னொரு வெள்ளையை வைக்கும்போதுதான் வம்பு. 'அவலாஞ்ச்' என்ற ரோஜாவின் வெளி இதழில் இளம்பச்சை ஓடும். 'வெண்டெலா' யானைத்தந்த நிறம். 1856-இல் பிரான்சில் உருவான 'டச்சஸ் த நெமூர்' என்ற பியோனி விரியும்போது நடுவில் எலுமிச்சை மஞ்சள் தெரியும். பந்துபந்தாகப் பூக்கும் வைபர்னம் பச்சையாகப் பிறந்து வெளுத்து முதிரும். இவை நான்கையும் ஒரே ஜாடியில் செருகினால், எல்லோரும் சமம் என்று சொல்லி உட்காரவைத்த பந்தியில் யார் எந்த ஊர் என்பது இலையைப் பார்த்தே தெரிந்துவிடுவதைப்போல, அவரவர் நிறம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

இதைத் தமிழருக்கு விளக்க நீண்ட உரை தேவையில்லை. சொட்டு நீலம் என்றால் போதும். பழுப்பேறிய வேட்டியை வெளுக்க நாம் வெள்ளையைச் சேர்ப்பதில்லை. வாளித் தண்ணீரில் நாலு சொட்டு நீலத்தை விடுகிறோம். நீலம் மஞ்சளை அமுக்க, கண் ஏமாந்து 'வெள்ளை வெளேர்' என்கிறது. மணப்பெண்ணின் கவுனிலும் இதே நாடகம் நடக்கிறது. பாலியெஸ்டர் சாட்டினில் ஒளியூட்டும் ரசாயனம் ஏற்றியிருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். அந்தக் கவுன் பக்கத்தில் வெண்டெலா ரோஜா நேற்றைய பூமாதிரி தெரியும். அசல் பட்டு கவுனோ இயல்பிலேயே பாலேடு நிறம். அதன் பக்கத்தில் நீலம் பாய்ந்த ஆர்க்கிட் வைத்தால் கவுன் துவைக்காததுபோல் ஆகிவிடும். மணப்பெண்ணின் அம்மா முகமும் அவ்வாறே. ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் தையற்காரரிடமிருந்து கவுன் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஜன்னலோரம் நின்று பூவோடு ஒட்டிப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள்.

இரண்டாம் இயல்: வரலாறு, அதாவது வெள்ளையடித்த வரலாறு

இந்த வழக்கத்துக்கு மூலபுருஷியாக எல்லோரும் விக்டோரியா ராணியைச் சொல்வர். 1840 பிப்ரவரி 10 அன்று ஆல்பர்ட்டை மணந்தபோது அவர் தலையில் கிரீடம் இல்லை. ஆரஞ்சுப் பூ வளையம் இருந்தது. வெள்ளையில் மணப்பெண்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் படத்தில் பார்த்து ஊரே பின்பற்றியது அதற்குப் பின்புதான். இங்கே நம் கருதுகோளுக்கு வலுச் சேர்க்கும் ஒரு சான்று: ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த அந்தப் பட்டு சாட்டினின் நிறத்தை க்ரீம் என்றே குறிக்கிறார்கள். அதாவது வெள்ளைத் திருமணத்தின் ஆதி வெள்ளையே வெள்ளையில்லை.

அந்தக் கால மாளிகைகளில் பூவை யாரும் வெளியே வாங்கவில்லை. தலைமைத் தோட்டக்காரர் சொந்தக் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்துக் கொடுக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1836-இல் கட்டத் தொடங்கிய பெருங்கூடத்துக்கு வெப்பமூட்ட, நிலத்தடியில் தண்டவாளம் போட்டு நிலக்கரி கொண்டுபோனார்கள். 1845-இல் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் சின்னச் சீமான்களுக்கும் அந்த ஆசை தொற்றிற்று. குளிரில் நடுங்கும் நாட்டில் கரி எரித்துக் காத்தவை எவை என்று பார்த்தால், சீனத்திலிருந்து வந்த கார்டீனியா, மடகாஸ்கரிலிருந்து வந்த ஸ்டெஃபனோடிஸ். சுத்த ஆங்கிலேய வெள்ளைச் செண்டு என்று இன்று சொல்லப்படுவதில் பாதி, கப்பலேறி வந்த கூட்டம். இன்றைக்கு அந்த வேலையை ஹாலந்தின் ஏல மண்டியும் கென்யா, ஈக்வடார் ரோஜாத் தோட்டங்களும் பார்க்கின்றன.

உள்ளூர்ச் சரக்கு என்று மதிக்கத்தக்கது மிர்ட்டில். அதுவும் மாப்பிள்ளை வீட்டுச் சீர்போல வந்ததுதான். 1845-இல் ஆல்பர்ட்டின் பாட்டி கொடுத்த சிறு கொத்தை ஆஸ்பர்ன் மாளிகையில் நட்டார்கள். 1858-இல் விக்டோரியாவின் மூத்த மகள் கல்யாணச் செண்டில் அது ஏறிற்று. இன்றுவரை அரசகுடும்ப மணப்பெண்களின் செண்டில் ஒரு கிள்ளு மிர்ட்டில் இருக்கும். கறிவேப்பிலை மாதிரி. யாரும் கவனிப்பதில்லை, போடாவிட்டால் கேள்வி வரும்.

1981-இல் டயானா ஏந்திய அருவிபோன்ற செண்டை வெள்ளைச் செண்டின் உச்சம் என்று நினைப்பவர்கள் படத்தை உற்றுப் பார்க்கவும். கார்டீனியாவுக்கும் ஸ்டெஃபனோடிஸுக்கும் நடுவில் 'மவுண்ட்பேட்டன்' ரோஜாக்கள் இருக்கின்றன. மஞ்சள் ரோஜாக்கள். அவை இருந்ததால்தான் மற்றவை அவ்வளவு வெளுப்பாகத் தெரிந்தன என்பது இவ்வாய்வாளர் துணிபு.

வெள்ளைப் பூ மட்டும் வைத்திருந்தால் கலவரமே ஆகியிருக்கக்கூடிய கல்யாணமும் ஒன்று உண்டு. 1486 ஜனவரியில் லங்காஸ்டர் தரப்பு ஏழாம் ஹென்றி, பகைத்தரப்பான யார்க் வீட்டு எலிசபெத்தை மணந்தார். யார்க்கின் சின்னம் வெள்ளை ரோஜா. மாப்பிள்ளை வீடு என்ன செய்தது? சிவப்பு ரோஜாவுக்குள் வெள்ளை ரோஜாவை வைத்து டியூடர் ரோஜா என்று ஒரு சின்னமே வரைந்துகொண்டது. சம்பந்தி சமாதானத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பூ அலங்காரம் பிறகு வரவில்லை.

மூன்றாம் இயல்: பச்சை

வெள்ளை அலங்காரத்தின் பெரும்பகுதி பச்சை. இதை மணப்பெண்ணிடம் நேராகச் சொன்னால் தொழில் நடக்காது. ஆனால் பெரியவர்கள் எல்லோரும் சொல்லித்தான் இருக்கிறார்கள். தோட்டக்கலை எழுத்தாளர் கெர்ட்ரூட் ஜீக்கில் 1908-இல் எழுதிய நூலில், ஒரு நிறப் பெயரைச் சொல்லிவிட்டோமே என்பதற்காக அதையே பிடித்துத் தொங்கித் தோட்டத்தைக் கெடுப்பவர்களைக் கடிந்துகொண்டார். கென்ட்டில் சிசிங்ஹர்ஸ்ட் மாளிகையின் 'வெள்ளைத் தோட்டம்' உலகப் புகழ் பெற்றது. அதை 1950-ஐ ஒட்டி அமைத்த வீடா சாக்வில்-வெஸ்ட்டோ அதைச் சாம்பல், பச்சை, வெள்ளை என்று மூன்று நிறத் தோட்டமாகவே எண்ணினார். சுற்றுலா வந்தவர்கள் முதல் இரண்டையும் உதிர்த்துவிட்டார்கள்.

1927-இல் லண்டனில் சிரி மாம் என்பவர் தம் வரவேற்பறை முழுவதையும் வெள்ளையாக்கிப் பேரெடுத்தார். அந்த வெள்ளைப் பித்து ஏறிய 1930-களில் பூவுக்கு ராணி கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை. முன்பு பள்ளித் தலைமையாசிரியை. சீமாட்டிகளின் மேசையில் கேல் கீரையையும் வேலியோரக் களைச்செடியையும் செருகி வைத்தவர். மாணவியர் கட்டுரையைத் திருத்திய கையல்லவா, எங்கே அழிக்கவேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

நிறம் போய்விட்டால் வேலை முழுவதும் வடிவத்தின் தலையில் விழும். ஈட்டிபோல் எழும்ப டெல்ஃபினியம், நரிக்கையுறைப் பூ. குண்டாக நிற்கப் பியோனி, ஹைட்ரேஞ்சியா. நடுவில் நுரைக்க அம்மி. இது தமிழ் அம்மி அன்று, கொத்துமல்லிப் பூவின் உறவு. நிழல் விழக் கரும்பச்சை இலை வேண்டும். கரிய ஓக் பலகை அடித்த கூடத்தில் வெள்ளை நட்சத்திரம்போல் நிற்கும். அதே பூவை வெள்ளைத் துணிப் பந்தலில் வெள்ளை மேசைவிரிப்பின்மேல் வைத்தால் காணாமல் போகும். ஐம்பது ஜாடி வைத்தாலும் ஐந்துபோல் தெரியும். இந்த ஓர் இடத்தில் பணத்தைக் கொட்டுபவர்கள்தான் அதிகம்.

ஒளிக்கு வருவோம். இங்கிலாந்தில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அந்தி மங்கும்போது சிவப்பு முதலில் கறுக்கும், நீலச் சாயல் நிற்கும். 1819-இல் இதைக் கவனித்த செக் விஞ்ஞானி புர்க்கின்யேவின் பெயர் இதற்கு. எனவே வெளியே ஏரிக்கரையில் நீலவெள்ளை, உள்ளே மெழுகுவத்தி எரியும் விருந்து மேசையில் பாலேட்டு வெள்ளை. மாற்றி வைத்தால் வெளியே அழுக்கு, உள்ளே மருத்துவமனை. மருத்துவமனை என்றதும் நினைவு வருகிறது: வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகக் கொடுத்தால் ரத்தமும் கட்டுத்துணியும் என்று பயப்படும் பழைய செவிலியர் அங்கே உண்டு.

நான்காம் இயல்: மணம்

சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

ஐந்தாம் இயல்: கேடுகளும் கள ஆய்வும்

வெள்ளையில் ஒளிய இடமில்லை. கார்டீனியாவை விரல் தொட்டால் தொட்ட இடம் பழுப்பாகும். ஹைட்ரேஞ்சியாவுக்குத் தண்ணீர் ஒரு வேளை தவறினால் தலை தொங்கும். முழுத்தலையையும் வாளியில் அமிழ்த்தினால் பல சமயம் எழுந்துகொள்ளும். பியோனி மொட்டு அழுத்தினால் பஞ்சுமிட்டாய்போல் அமுங்கும் பதத்தில் வாங்கவேண்டும். கல் மாதிரி இருந்தால் கல்யாணம் முடிந்தும் திறக்காது.

கேடுகளில் தலையாயது லில்லி. ஆறு மகரந்தப் பைகளும் அசையும் காம்பில் ஆடிக்கொண்டிருக்கும். பூ திறக்கும் அன்றே, பை வெடிக்குமுன், நகத்தால் கிள்ளி எடுத்துவிட வேண்டும். விட்டால் செங்காவிப் பொடி எண்ணெய்ப் பசையோடு கவுனில் ஒட்டும். ஒட்டினால் தேய்க்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. செல்லோடேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். இவ்வளவும் ஆய்வாளருக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் போன மாதம் கள ஆய்வுக்கென்று ஒற்றை லில்லி வாங்கி, சொட்டு நீலம் போட்ட வேட்டியை மடியில் விரித்து, ரோஜாவையும் அதையும் அடுத்தடுத்து வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எழுந்தார். பூ உருண்டது. பதற்றத்தில் கை செய்தது இரண்டே காரியம்: தேய்த்தது, தண்ணீர் விட்டது.

மறுநாள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் வேட்டியை விரித்து, கறையின்மேல் விரலை வைத்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மஞ்சத்தண்ணியா சார்?"

ஒரு மாதிரி தலையாட்டினேன்.

"போகாது. நம்ம வீட்டுக் கல்யாணமா, வெளியூரா?"