ஃபேன், தாத்தா, எருமை

வீட்டுக்குள் புது கேமரா நுழைந்தால் முதலில் மாட்டுவது சீலிங் ஃபேன். ஷட்டர் வேகம் பழக வேண்டுமாம். 1/15 நொடியில் இறக்கைகள் கலங்கி வட்டமாகின்றன. 1/1000-ல் உறைந்து நிற்கும்தான். ஆனால் படம் இருட்டு. ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றினால் வெளிச்சம் வருகிறது, கூடவே ரவை தூவியதுபோல நாய்ஸும்.

அடுத்து அப்பர்ச்சர். இங்கே எண் பெரிதானால் துவாரம் சிறிது: எஃப் 2 அகலம், எஃப் 16 ஊசிமுனை. லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த எண் என்பதால் இந்தத் தலைகீழ்க் கணக்கு. பயிற்சிக்காகப் பாட்டியை முன்னாலும் தாத்தாவைப் பின்னாலும் உட்காரவைக்கிறார்கள். எஃப் 2-ல் பாட்டி துல்லியம், தாத்தா மங்கல். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் என்கிறார் தாத்தா. எஃப் 16-ல் இருவரும் தெளிவு. பாட்டிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை.

கேமராவின் மீட்டர் இன்னொரு ரகம். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் சமத்துவவாதி. வெள்ளை வேட்டியும் சாம்பல், கறுப்பு எருமையும் சாம்பல். வேட்டிக்கு +1, எருமைக்கு -1 என்று நாம்தான் திருத்தித் தரவேண்டும்.

மீட்டரே வேண்டாமென்றால் பழைய விதி உண்டு: பளீர் வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. சித்திரை மத்தியானத்தில் கச்சிதமாகப் பலிக்கும். அந்த நேரத்தில் போஸ் கொடுக்க எருமைகூடக் குளத்தைவிட்டு ஏறுவதில்லை.