வெள்ளி மூன்றரை முதல் திங்கள் ஒன்பதேகால் வரை

பங்குச் சந்தை மூடியிருக்கும் 65 மணி 45 நிமிடத்தை நிம்மதியாகக் கழிப்பது எப்படி என்று சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நிம்மதியே இல்லாமல் கழிப்பது எப்படி என்று முறையாகச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. ஆளாளுக்குத் தெரிந்த வழியில் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். இதையும் ஒழுங்காகச் செய்யலாம் என்பதற்காகவே இந்தக் குறிப்புகள்.

முதல் பாடம், வெள்ளிக்கிழமை மதியம் காகிதமும் பேனாவும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டரை மணிவாக்கில் உட்கார்ந்து, இந்தப் பங்கை எதற்காக வாங்கினேன், திங்கட்கிழமை 10% கீழே திறந்தால் எத்தனை ரூபாய் போகும், அது போனால் ஸ்கூல் ஃபீஸ் கட்டக் காசு இருக்குமா, சனி ஞாயிறில் அந்தக் கம்பெனிக்கு ரிசல்ட் ஏதும் உண்டா என்று எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. பத்து நிமிட வேலை. எழுதி முடித்ததும் பெரும்பாலும் பாதியை விற்றுவிட்டு, மீதியை மறந்துவிட்டு சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள். இவர்களால் சந்தைக்கு என்ன பயன்?

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. அன்றைக்கே விற்றுவிடும் கணக்கில், இன்ட்ராடேவில், காலையில் வாங்கிய பங்கு மதியம் நஷ்டத்தில் இருக்கும். மூன்று மணிக்கு அதை டெலிவரிக்கு மாற்றுங்கள். சும்மா விட்டால் மூன்று இருபதுவாக்கில் புரோக்கரின் சிஸ்டமே விற்று முடித்துவிடும். சில நூறு ரூபாயோடு கதை தீர்ந்துவிடும், வாரக்கடைசிக்குப் பொழுதுபோக்கு இருக்காது. வீட்டில் கேட்டால் பஞ்சாங்கத்தைக் காட்டலாம். வெள்ளிக்கிழமை எமகண்டம் 3 மணி முதல் 4:30 வரை. சந்தையின் கடைசி அரை மணி நேரம் மொத்தமும் அதற்குள் வருகிறது, அந்த நேரத்தில் எப்படி விற்பது? வாங்கியது ராகு காலத்தில் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்து ஸ்டாப்லாஸ். இதைக் கட்டாயம் போட வேண்டும், ஏனென்றால் இதைப் போல மனிதனை மெத்தனமாக்குவது எதுவும் இல்லை. 1,000 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, 950 வந்தால் 948-க்கு விற்கச் சொல்லி ஜிடிடி ஆர்டர் போட்டாயிற்று. ஐம்பத்திரண்டு ரூபாய்க்கு மேல் போகாது என்று தெம்பாக இருக்கிறீர்கள். திங்கட்கிழமை பங்கு 890-ல் திறக்கிறது. 950-ஐ அது மிதிக்கவே இல்லை. படியில் இறங்கி வருகிறவனைப் பிடிக்க வாசலில் காவல் போட்டீர்கள், அவன் மொட்டைமாடியிலிருந்து குதித்துவிட்டான். ஆர்டர் தூண்டப்படும், வாஸ்தவம். 948 என்று விலை எழுதிய பலகையோடு வரிசையில் நிற்கும். 890-க்குக் கிடைப்பதை 948 கொடுத்து யார் வாங்குவார்கள்?

2023 தமிழ்ப் புத்தாண்டை இன்ஃபோசிஸ் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 13 வியாழன், சந்தை மூடிய பிறகு ரிசல்ட் வந்தது, எதிர்பார்த்ததைவிட மோசம். மறுநாள் வெள்ளி, அம்பேத்கர் ஜெயந்தி, சந்தைக்கு விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. வியாழன் மாலையே சேதி தெரியும், திங்கள் காலை வரை ஒன்றும் செய்ய முடியாது. அந்த வருஷம் எத்தனையோ வீடுகளில் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ மட்டும்தான் நாக்கில் பட்டிருக்கும். திங்கள் 17-ம் தேதி பங்கு 9 சதவீதத்துக்கு மேல் இறங்கி முடிந்தது. ரிசல்ட் தேதி முன்கூட்டியே அறிவித்ததுதான், விடுமுறையும் காலண்டரில் சிவப்பு மையில் இருந்ததுதான். ஆகவே காலண்டர் பார்க்கும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். பெரிய தனியார் வங்கிகளுக்கு ரிசல்ட்டைச் சனிக்கிழமையில் வெளியிடுவதென்றால் தனிப் பிரியம். எச்டிஎஃப்சி வங்கி 2024 ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 19 என்று வரிசையாக மூன்று காலாண்டும் சனிக்கிழமையாகவே பார்த்து வெளியிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டால் பதற்றத்தில் பாதி குறைந்துவிடும்.

பாதுகாப்புக்கு, விலை இறங்கினால் ஈடுகட்டும் புட் ஆப்ஷன் ஒன்று வாங்கி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், பிரீமியம் தண்டம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸை ஒருநாள்கூடத் தவறாமல் புதுப்பிக்கும் அதே ஆள்தான் நீங்கள், பரவாயில்லை.

வெள்ளி இரவு தூங்க வேண்டியதில்லை. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் நடக்கும் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் வியாபாரமான கிஃப்ட் நிஃப்டி சனி அதிகாலை 2:45 வரை ஓடும். அதுவரை உட்கார்ந்து பாருங்கள். பிறகு திங்கள் காலை 6:30 வரை அந்த எண் அசையாது. அசையாத எண்ணை ரெஃப்ரெஷ் செய்துகொண்டிருப்பதுதான் சனிக்கிழமையின் பிரதான வேலை. அலுத்தால் ஞாயிறு மதியம் ரியாத் இருக்கிறது, சவூதி சந்தைக்கு ஞாயிறு வேலை நாள். அங்கே ஒரு பால் கம்பெனிப் பங்கு இரண்டு சதவீதம் இறங்கியிருந்தால், உங்களிடம் இருக்கும் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்கு அது என்ன சகுனம் என்று யோசிக்கலாம். சாயங்காலக் காபி வரை தாங்கும்.

சரித்திரமும் கைகொடுக்கும். பயப்பட விரும்பினால் 2020 மார்ச். 20-ம் தேதி வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 1,600 புள்ளிகளுக்கு மேல் ஏறியது, மோசமானது கடந்துவிட்டது என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஞாயிறு கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு, மாலை ஐந்து மணிக்கு பால்கனியில் தட்டு தட்டல். திங்கள் காலை 10% இறங்கியதும் வியாபாரத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள், திறந்த பிறகும் விடவில்லை. முடிவில் 3,934 புள்ளி, 13 சதவீதம். ஆசைப்பட விரும்பினால் 2009 மே. சனிக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. 18-ம் தேதி திங்கள் சந்தை திறந்த கையோடு மேல் சர்க்யூட்டில் முட்டியது, மறுபடி திறந்தார்கள், மறுபடி முட்டியது, அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டார்கள். 17 சதவீத ஏற்றம். பயந்து விற்றுவிட்டேனே என்று நொந்துகொள்ளவும் வசதி உண்டு. 2025 மே 9 வெள்ளியன்று சென்செக்ஸ் 880 புள்ளி விழுந்தது, சனி மாலை இந்தியா பாகிஸ்தான் சண்டை நிறுத்த அறிவிப்பு, திங்கள் 2,975 புள்ளி எழுந்தது.

ஒரே ஒரு வாரக்கடைசியை மட்டும் மறந்துவிடுங்கள். 2024 ஆகஸ்ட் 10 சனிக்கிழமை, சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அப்போதைய தலைவர் மீது அமெரிக்காவின் ஹிண்டன்பர்க் நிறுவனம் குற்றச்சாட்டு அறிக்கை. ஞாயிறு முழுக்க அதே பேச்சு, திங்கட்கிழமை ரத்த ஆறு என்று டெலிகிராம் குழுக்களில் சங்கு ஊதினார்கள். திங்கள் நிஃப்டி 20 புள்ளி இறங்கியது. இருபதே புள்ளி. பெரும்பாலான திங்கட்கிழமைகள் இப்படித்தான் சப்பென்று விடிகின்றன என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதை நினைத்துக்கொண்டிருந்தால் நம் பயிற்சி கெட்டுவிடும்.

ஞாயிறு மதியம் எப்படியும் ஒரு விசேஷம் இருக்கும். தாம்பரம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம் என்று வைத்துக்கொள்வோம். பந்தியில் பக்கத்து இலையில் பெரிய மாமா. உங்கள் வலது கை சாம்பாரில், இடது கை போனில்.

"என்னப்பா, ஷேரா?"

"ஆமாம் மாமா. கொஞ்சம் டென்ஷனா இருக்கு."

"பயமா இருந்தா வித்துடேன்."

"இன்னிக்கு விக்க முடியாது மாமா. மார்க்கெட் லீவு."

"அப்ப வாங்கறதுக்குப் பாக்கறியா?"

"வாங்கவும் முடியாது."

மாமா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசிப்பார். "அப்ப போன்ல என்னதான்பா பாக்கறே?"

இதற்குப் பதில் சொல்ல முயலாதீர்கள். பாயசம் வந்துவிட்டது என்று பேச்சை மாற்றுங்கள்.

திங்கட்கிழமை ராகு காலம் 7:30 முதல் 9 வரை. 9 மணிக்கு, திறக்கும் விலையை முடிவுசெய்யும் ப்ரீ-ஓப்பன் தொடக்கம், நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு நேரம் குறித்துக் கொடுத்த ஜோசியர் நல்ல கைராசிக்காரர். அடுத்த ஏழெட்டு நிமிடம் திரையில் விலை எகிறும், சரியும். ஆர்டர் போடுகிறவர்களும் போட்டதை ரத்து செய்கிறவர்களும் அதற்குள் இருக்கிறார்கள், ஆகவே அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. நீங்கள் நம்புங்கள். 9:03-க்கு மனசுக்குள் வீடு வாங்குங்கள், 9:05-க்கு விற்றுவிடுங்கள். சமையலறையிலிருந்து "என்னங்க, இட்லி ஆறுது" என்று இரண்டு தரம் குரல் வரும், காதில் விழக்கூடாது.

9:15. பங்கு வெள்ளிக்கிழமை விலையைவிட நாற்பது பைசா குறைவாகத் திறக்கிறது.

இங்கேதான் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களும் தடுமாறுகிறார்கள். கேப்-டவுன் ஆனால் தலையில் கைவைத்துக்கொள்ளத் தயார், கேப்-அப் ஆனால் "நான் அப்பவே சொன்னேன்" தயார். நாற்பது பைசாவுக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது? மூன்று ராத்திரி தூக்கத்துக்கு ஒரு கணக்கு வேண்டாமா? மனைவி இட்லித் தட்டோடு வந்து, "என்ன ஆச்சுங்க?" என்று கேட்பார். உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மார்க்கெட் கன்சாலிடேட் ஆகுதும்மா" என்று சொல்லுங்கள்.