மைந்த்ரா கதவைச் சாத்திய கதை

2007 ஜூன். ஐபோன் கடைக்கு வர மூன்று வாரம்கூட இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் மேடையேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் மென்பொருள்காரர்களுக்கு ஒரு நற்செய்தி சொன்னார்: தனியாக ஆப் எதுவும் எழுதி அலட்டிக்கொள்ள வேண்டாம், இணையதளமாகச் செய்யுங்கள், எங்கள் சஃபாரி உலாவியில் ஜம்மென்று ஓடும். விருந்துக்கு அழைத்துவிட்டுத் திண்ணையிலேயே மோர் கொடுத்து அனுப்பியது போல இருந்தது வந்தவர்களுக்கு.

அக்டோபரிலேயே மகான் மனம் மாறினார். 2008 ஜூலையில் 500 ஆப்களோடு ஆப் ஸ்டோர் திறந்தது. விற்கும் ஒவ்வொரு டாலரிலும் ஆப்பிளுக்கு 30 சென்ட். ஞானோதயம் வர இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அடுத்த மாதமே 'ஐ ஆம் ரிச்' என்றொரு ஆப் வந்தது. விலை 999.99 டாலர். திரையில் ஒரு சிவப்புக் கல் மினுக்கும்; வேறு வேலை கிடையாது. எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள், அதற்குள் ஆப்பிள் அதைத் தூக்கிவிட்டது. இதையே இணையதளமாகப் போட்டிருந்தால் எட்டணா தேறியிருக்காது.

இந்த ஞானம் பெங்களூருக்கு வந்தபோது முற்றிப் போயிருந்தது. 2015 மார்ச்சில் இணையக் கடையான பிளிப்கார்ட், கைபேசி உலாவியில் வந்தவர்களை எல்லாம் 'முதலில் ஆப்பை இறக்கு' என்று திருப்பி அனுப்பியது. முந்தைய ஆண்டு அது வாங்கிப்போட்ட, துணிமணி விற்கும் தம்பிக் கம்பெனி மைந்த்ரா இன்னும் ஒரு படி மேலே போய், மே 15 அன்று கணினித் தளத்தையும் இழுத்துச் சாத்தியது. விற்பனையில் 70 சதவீதம் கைபேசி வழியாக வருகிறதாம். சரி, மீதி 30? அவர்கள் திருந்தி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

திருந்துவது லேசாக இல்லை. அலுவலகத்தில் பெரிய திரையில் சட்டையின் நிறத்தை நிதானமாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவருக்கு ஆப்பை இறக்கச் சொல்லும் பக்கம்தான் தரிசனம். அவர் கைபேசியிலோ 'குட் மார்னிங்' ரோஜாப்பூக்கள் போக இடமில்லை. எதையாவது அழித்து இடம் பண்ணினால், இரவு பத்து மணிக்கு 'தள்ளுபடி முடியப்போகிறது' என்று போன் கத்தும். கத்துவதற்குத்தான் ஆப். உலாவியில் வருகிறவன் பக்கத்துத் தாவலில் அமேசான் விலையையும் பார்ப்பான், பிடிக்காவிட்டால் எழுந்து போவான். ஆப் அவன் சட்டைப்பையிலேயே குடியிருக்கும். தேவை கடைக்காரருக்கு; இடம், பேட்டரி, தூக்கம் நம்முடையது.

அண்ணன் கம்பெனிக்குச் சீக்கிரமே தெளிந்தது. 2015 நவம்பரில் கூகுளின் குரோம் அணியோடு சேர்ந்து 'பிளிப்கார்ட் லைட்' கொண்டுவந்தார்கள். உலாவியிலேயே ஓடும், முகப்புத் திரையில் ஒட்டிக்கொள்ளும், பார்ப்பதற்கு ஆப் மாதிரியே இருக்கும். அதாவது, மூடிய இணையதளம் புதுச் சட்டை போட்டு வந்தது. முன்பு 70 விநாடி நின்றவர்கள் இப்போது மூன்றரை நிமிடம் நின்றார்களாம். தம்பி மைந்த்ரா 2016 பிப்ரவரியில் கைபேசித் தளத்தையும், ஜூன் 1 அன்று கணினித் தளத்தையும் திறந்தது. தாங்களே பூட்டிய கதவைத் திறந்ததற்கு அறிவிப்பு வேறு!

ஆப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் அனுப்பும் யுபிஐ போன்றவற்றுக்கு ஆப் இருப்பதில் நியாயம் உண்டு. உங்கள் சிம்மோடும் கருவியோடும் பிணைத்துத்தான் அது வேலை செய்கிறது. இருக்கட்டும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று சட்டை எடுக்கிற ஆளுக்கு உலாவி தாராளமாகப் போதும்.